தென்னந்தோப்பில் வயல்வெளிப் பள்ளி: ஒரு பருவம் நடத்துவது எப்படி

பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்து கோபாலபுரம் தாண்டி எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தோப்பு விட்டுப்போகாமல் ஓடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும், தோப்புக்காரர்கள் பேசுவது தமிழ்தான். இங்கே தென்னைக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி, டீ கொடுத்து அனுப்புகிறோம். மறுநாள் அதே ஆள் மருந்துக்கடையில் நின்று “ஓலை கருப்பாயிடுச்சு, என்ன அடிக்கலாம்?” என்று கேட்கிறார். கேட்டது காதோடு போய்விடும். கையால் எண்ணியது போகாது. உழவர்கள் தோப்பிலேயே கூடி, எண்ணிப் பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளி இந்த ஒன்றை நம்பி நடப்பது.

இந்த முறை 1989 இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கியது. மருந்து அடிக்க அடிக்க, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகிக்கொண்டே போனது. புகையானைத் தின்னும் சிலந்தியும் வண்டும்தான் செத்தன. உழவர்களே வாராவாரம் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி முடிவெடுக்கப் பழகினார்கள். 2016 இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் இதே கதைதான். அதனால் தென்னைக்கும் இது பொருந்துகிறது.

எப்போது, எங்கே, யாரை வைத்து

பொங்கல் முடிந்ததும் தொடங்கி ஆனியில் முடியுங்கள். 15 நாளுக்கு ஒரு வகுப்பு, மொத்தம் 12. தையில் ஒரு தவணை உரம், மாசி முதல் சித்திரை வரை வெள்ளை ஈ, மழை தொடங்கியதும் காண்டாமிருக வண்டு, ஆனியில் அடுத்த தவணை உரம் என்று எல்லாமே கண் முன்னால் நடக்கும். ஐப்பசியில் தொடங்கினால் மழையில் பாதி வகுப்பு போய்விடும்.

25 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐந்து ஐந்து பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவிலும் ஒரு இளைஞர், ஒரு பெண், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கட்டும். நேரத்தைப் பால்காரர்களைக் கேட்டு வையுங்கள்: காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வேளை ஆகாது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு முற்பகல் ஆகாது. பெரும்பாலான ஊர்களில் மதியம் இரண்டரை முதல் நாலு மணி வரை ஒத்துவருகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அடுத்த முறை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

தோப்பு சாலையோரம் இருக்கவேண்டும். ஊரிலேயே பெரிய தோப்பாகப் பார்த்துப் பிடிப்பது தவறு: “அவருக்குத் தண்ணி இருக்கு, ஆள் இருக்கு, நமக்கு ஆகுமா?” என்று முதல் நாளே விட்டுவிடுவார்கள். இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரின் தோப்பு போதும். நின்றபடியே கொண்டை தெரிகிற இளமரங்களாக 20 மரத்தைத் தேர்ந்து எண் எழுதுங்கள். குழுவுக்கு நாலு மரம். மஞ்சள் எண் போட்ட இரண்டில் பள்ளியில் முடிவு செய்தபடி பராமரிப்பு, வெள்ளை எண் போட்ட இரண்டில் தோப்புக்காரர் வழக்கமாகச் செய்வது. வெள்ளை எண் மரங்களையும் கடைசி வரை எண்ணவேண்டும். அதை விட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

வாங்கவேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஐந்து, சார்ட் தாள், மெழுகுக் கலர் (ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் பரவும்), கண்ணாடிப் பாட்டில்கள், மெல்லிய வேட்டித் துணி, தராசு, ஆறடியில் முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு பை புளியங்கொட்டை.

முதல் வகுப்பு: பெட்டியில் சீட்டு

பாடம் நடத்தாதீர்கள். தோப்பில் பத்து இடத்தில் உண்மையான சாம்பிளைக் கட்டுங்கள்: கரும்பூசணம் படிந்த ஓலை, விசிறி போல வெட்டுப்பட்ட ஓலை, உதிர்ந்த குரும்பை, எருக்குழியில் எடுத்த வெள்ளைப் புழு. ஒவ்வொன்றின் கீழும் மூன்று அட்டைப்பெட்டி, மூன்று பதில். பதிலைப் படமாகவும் வரையுங்கள். “இதைச் செய்தது யார்?” என்று கேளுங்கள், பெயர் என்ன என்று கேட்கவேண்டாம். ஆளுக்கொரு சீட்டு, சரியென்று படும் பெட்டியில் போடட்டும். யார் எதைப் போட்டார் என்று வெளியே தெரியாது. 60 வயதுக்காரரைக் கூட்டத்துக்கு நடுவில் எழுப்பிக் கேள்வி கேட்பது அவமானம். அப்புறம் அவர் வாயே திறக்கமாட்டார்.

சாம்பிளில் பெயர் எழுதும்போது இரண்டு பக்கப் பேச்சையும் எழுதுங்கள். காண்டாமிருக வண்டு கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் கொம்பன் செல்லி. சிவப்புக் கூன்வண்டு செம்பன் செல்லி. வேர் வாடல் நோய் காற்றுவீழ்ச்ச. கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) விண்ணப்பம் எழுதும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

ஒவ்வொரு வகுப்பிலும் எண்ணுவது

குழு தன் நாலு மரத்தையும் சுற்றிவந்து பச்சை மட்டை எத்தனை, கடைசியாக விரிந்த மூன்று ஓலையில் வண்டு வெட்டு எத்தனை, அடியில் உதிர்ந்த குரும்பை எத்தனை என்று எண்ணும். அடி மட்டையில் நாலு திசையிலும் ஒவ்வோர் இலைக்கீற்று அறுத்து, அடிப்பக்கம் உள்ள பூச்சிகளையும் எண்ணும். கெட்ட பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டையில் புளியங்கொட்டை, நல்ல பூச்சிக்கு இன்னொரு சிரட்டையில். பிறகு சார்ட்டில் நடுவே மரம், இடப்பக்கம் கெட்டது, வலப்பக்கம் நல்லது, மேலே அன்றைய வெயிலோ மேகமோ வரையவேண்டும்.

இங்கேதான் பள்ளி அடிக்கடி கெடுகிறது. பத்தாவது படித்த பையன் கலரை வாங்கி எல்லாவற்றையும் தானே வரைந்துவிடுவான். மற்ற நாலு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். வரைவதைப் படிக்காதவரிடம் கொடுங்கள். “நீங்க வரைங்கம்மா, தம்பி எண்ணிச் சொல்லுவான்” என்றால் போதும். எடுத்துச் சொல்லும் ஆளும் முறை வைத்து மாறவேண்டும்.

நடத்துகிறவர் செய்யும் தவறு வேறு. “இது என்ன பூச்சிங்க?” என்று கேட்டதும் பெயரைச் சொல்லிவிடுவது. பதிலுக்கு “எங்கே இருந்துச்சுங்கண்ணா? எத்தனை இருந்துச்சு? தின்னுதா, சும்மா உட்கார்ந்திருக்கா?” என்று கேளுங்கள்.

வெள்ளை ஈயும் பாட்டிலும்

மாசியில் ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருள் தெரியும். அந்தக் கீற்றைத் துண்டு போட்டுப் பாட்டிலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். ஈயும், ஈயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும், கடுகை விடச் சின்னதான என்கார்சியா குளவியும் வெளிவரும். பிறகு காலிக் கூட்டை லென்ஸில் காட்டுங்கள். ஈ வெளியே போன கூடு ஆங்கில ‘T’ எழுத்து போலக் கிழிந்திருக்கும். குளவி போன கூட்டில் ஊசியால் குத்தியது போல வட்டத் துளை இருக்கும். நூறு கூட்டில் வட்டம் எத்தனை, கிழிசல் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். வட்டம் பாதியைத் தாண்டியதைத் தன் கண்ணால் பார்த்தவர் கடைக்குப் போய் விஷ மருந்து கேட்கத் தயங்குவார்.

குளவி குறைவாக இருந்தால் நிறைய உள்ள தோப்பிலிருந்து ஓலைத்துண்டு கொண்டுவந்து கட்டலாம். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்கலாம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் ஷீட், ஐந்தடிக்கு ஒன்றரை அடி, ஏக்கருக்கு எட்டு, ஆறடி உயரத்தில் கட்டவேண்டும். தூசி படிந்ததும் துடைத்து மறுபடி தடவாவிட்டால் ஈ ஒட்டாது. ஈயின் இனிப்புக் கழிவில் வளர்ந்து ஓலையைக் கருப்பாக்கும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வடிகட்டித் தெளிக்கவேண்டும். காய்ந்ததும் பூசணத்தோடு உரிந்து விழும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

உர வகுப்பு

ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டை மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுஉரம் 50 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு 650 கிராம், ஒரு கிலோ, ஒரு கிலோ. தோப்பில் எல்லோரும் உரத்தை மக்கால் (குவளையால்) அள்ளுகிறார்கள். அதே மக்கில் யூரியாவையும் பொட்டாஷையும் அள்ளித் தராசில் வைத்துக் காட்டுங்கள்: யூரியா எடை குறைவாக நிற்கும். உரத்துக்கொரு கோடு மக்கில் பெயிண்டால் போட்டுவிட்டால் அப்புறம் தராசு வேண்டாம். ஆறடிக் கயிற்றை மரத்தில் கட்டி வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வட்டப்பாத்திக்குள் பரப்பி, கொத்தி மூடி, தண்ணீர் விடவேண்டும். தூரோடு ஒட்டிக் கொட்டுவதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம். உறிஞ்சும் வேர் அங்கே குறைவு.

வண்டும் இளைஞர்களும்

மழை தொடங்கியதும் எல்லோரையும் எருக்குழிக்குக் கூட்டிப்போங்கள். கிளறினால் வண்டுப் புழு வரும். கொண்டையில் இருக்கும் வண்டு இங்கேதான் பிறக்கிறது என்று அப்போது புரியும். வேப்பங்கொட்டைத்தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் இடவேண்டும். இதற்கு மரம் ஏறவேண்டும். அதனால் இளைஞர்களுக்கு இது அவர்கள் வகுப்பு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சி ஆறு நாள், இயந்திரத்தில் ஏறக் கற்றுத்தருகிறார்கள். அந்தப் பயிற்சி முடித்தவரை மட்டும் பெல்ட்டோடு ஏற்றுங்கள். மரம் நனைந்திருந்தால் அன்று யாரும் ஏறவேண்டாம்.

வாடல் நோய் பற்றி எப்படியும் கேள்வி வரும். நேராகச் சொல்லுங்கள்: இதைக் குணமாக்க மருந்து இல்லை. பைட்டோபிளாஸ்மா என்ற கிருமி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. ஓலைக்கீற்று விலா எலும்பு போல உள்நோக்கி வளைவதுதான் அடையாளம். ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாக விடும் நோய் மரத்தை வெட்டிவிட வேண்டும், மற்றதற்கு உரமும் தண்ணீரும் தவறாமல் தரவேண்டும், நோய் உள்ள பகுதியிலிருந்து நாற்று வாங்கக்கூடாது.

காய் கூடும் என்று இந்த ஆறு மாதத்துக்குள் வாக்குக் கொடுக்காதீர்கள். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற 12 மாதம். அந்தப் பாளைக்கான மொட்டு அதற்கும் இரண்டரை ஆண்டுக்கு முன்பே மரத்துக்குள் உருவாகிவிடுகிறது. ஆனியில் கடைசி வகுப்பில் பெட்டியும் சீட்டும் மறுபடி வைத்து, வண்டு வெட்டும் குரும்பை உதிர்வும் மஞ்சள் எண்ணில் எவ்வளவு, வெள்ளை எண்ணில் எவ்வளவு என்று சார்ட்டுகளை வரிசையாக மாட்டிக் காட்டுங்கள். காய்க்கணக்கு நோட்டைத் தோப்புக்காரரிடம் கொடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த 20 மரத்தின் காயைத் தனித்தனியாக எண்ணி எழுத ஒரு குழுவை இப்போதே பொறுப்பாக்குங்கள்.