பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃப் திறக்கும் முன்: பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தை மதிப்பிடுவது எப்படி?

பெங்களூரில் கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம் பக்கம் காலி மனை ஒன்று கையில் இருந்தால், வலை கட்டி, செயற்கைப் புல் விரித்து, பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃப் ஆக்கிவிடலாம் என்பதுதான் இப்போது பலருக்கும் முதலில் தோன்றுகிறது. வாடகை, விளக்குக் கம்பம், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுபவர்கள் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு எவ்வளவு சத்தம் போகும் என்பதற்குக் கணக்குப் போடுவதில்லை. ஒலியியல் படிக்காதவரும் செய்து பார்க்கக்கூடிய முதல்கட்ட மதிப்பீட்டை இங்கே விளக்குகிறேன். டர்ஃப் திறக்கப் போகிறவருக்கும் அதன் அருகில் குடியிருப்பவருக்கும் முறை ஒன்றுதான்.

படி 1: உங்கள் இடத்துக்கான வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இந்தியா முழுமைக்கும் பொருந்தும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டருக்கு அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பகலில் 50, இரவில் 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இரவு 9:59க்கு 55 ஆக இருந்த வரம்பு 10 மணிக்கு ஒரேயடியாக 45க்கு இறங்குகிறது என்பதை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள், ஏனென்றால் டர்ஃப் தொழிலில் அதிகம் புக் ஆகும் நேரம் அந்த எல்லையின் இரு புறமும்தான் இருக்கிறது.

படி 2: யார் காதில் விழும் என்று வரைபடத்தில் குறியுங்கள்

செயற்கைக்கோள் படத்தில் டர்ஃபின் நடுப்புள்ளியிலிருந்து நாலா பக்கமும் உள்ள வீடுகளின் தூரத்தை அளந்து எழுதுங்கள். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டுகள் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே அடுத்தவர் சமையலறை இருக்கும். எத்தனை மாடி, எந்த ஜன்னல் டர்ஃபைப் பார்க்கிறது என்பதையும் நேரில் போய்க் குறித்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்துக்குச் சுவர் மறைவு கிடைத்தாலும் இரண்டாம் மாடிக்குக் கிடைக்காது.

படி 3: இப்போது இருக்கும் சத்தத்தை அளவிடுங்கள்

அளவுத்திருத்தம் செய்யப்பட்ட ஒலிமானியை வாடகைக்கு எடுப்பது நல்லது. கைப்பேசிச் செயலி போதுமா என்று கேட்டால், ஓர் உத்தேசத்துக்குப் போதும், அதிகாரியிடம் காட்டப் போதாது. கருவியை ‘ஏ’ எடையிடலில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் அமைப்பில்) வைத்து, ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்புப் பஞ்சை மாட்டி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரை விட்டுச் சில மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பலத்த காற்றிலும் மழையிலும் எடுத்த அளவு பயன்படாது.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று எல்.இ.க்யூ., அதாவது அளந்த நேரம் முழுவதிலுமான சராசரி ஒலி ஆற்றல். சட்டத்தின் வரம்பு இதில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. மற்றொன்று எல்90, அதாவது அந்த நேரத்தில் 90 விழுக்காடு தாண்டப்பட்ட அளவு. ஆட்டோவும் பைக்கும் போகாத இடைவெளிகளில் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை இது காட்டும். வார நாளிலும் சனி, ஞாயிறிலும், மாலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் 11 மணிக்கும் தனித்தனியாக அளவிடுங்கள். மெயின் ரோட்டுச் சத்தமே 55ஐத் தாண்டுகிறது, நம்மால் என்ன கூடிவிடப் போகிறது என்று வாதிடுபவர்களுக்கு 11 மணியின் எல்90 தான் பதில்.

படி 4: ஏற்கெனவே நடக்கும் டர்ஃப் ஒன்றில் போய் அளவிடுங்கள்

ஊகத்தைவிட இது பல மடங்கு மேல். நீங்கள் அமைக்கப் போகும் அளவிலேயே உள்ள ஒரு டர்ஃபில் உரிமையாளரின் அனுமதியோடு, கூட்டம் நிறைந்த ஒரு முழு ஸ்லாட்டுக்கு எல்.இ.க்யூ. எடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து எத்தனை மீட்டரில் நின்றீர்கள் என்பதையும், அதிகபட்சமாக எகிறிய அளவையும், அது எதனால் எகிறியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மட்டையில் பந்து படும் சத்தம் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் தலையில் இருக்காது. விக்கெட் விழுந்ததும் எழும் கூச்சல், தகரத் தடுப்பில் பந்து மோதும் ‘டமார்’, வாசலில் சைலன்ஸர் மாற்றிய பைக்கை முறுக்குவது, இவைதான் முன்னே நிற்கும். டர்ஃப் ஒன்றின் பின்தெருவில் குடியிருக்கும் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னது: “பேட் சத்தம்கூடப் பழகிடுச்சு தம்பி. மேட்ச் முடிஞ்சு வெளியே நின்னு பேசுறாங்களே, அதுதான் தூங்க விடமாட்டேங்குது.”

படி 5: தூரத்துக்கு ஏற்பக் கணக்கிடுங்கள்

தடையில்லாத வெளியில் தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். எடுத்துக்காட்டாக, நடுவிலிருந்து 20 மீட்டரில் 64 வந்தது என்று வையுங்கள். அப்படியானால் 40 மீட்டரில் 58, 80 மீட்டரில் 52, 160 மீட்டரில் 46. குடியிருப்புப் பகுதியில் 40 மீட்டர் வீட்டுக்குப் பகல் வரம்பே மீறுகிறது. 10 மணிக்கு மேல் 160 மீட்டரிலும் வரம்புக்குள் வரவில்லை. சுவரை ஒட்டிய வீட்டுக்கு இந்தச் சூத்திரம் ஒத்துவராது, ஏனென்றால் அவ்வளவு பக்கத்தில் டர்ஃப் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பரப்பாகவே ஒலிக்கிறது. அதே தூரத்தில் பழைய டர்ஃபில் நின்று நேரடியாக அளப்பதே வழி.

டெசிபலைச் சாதாரணமாகக் கூட்டக் கூடாது. 58ம் 58ம் சேர்ந்தால் 61. 58ம் 54ம் சேர்ந்தால் ஏறக்குறைய 59.5. இரண்டாவது டர்ஃப் போட்டால் 3 கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரு மடங்காகத் தெரியும்.

படி 6: சராசரிக்குள் ஒளிந்திருப்பதைத் தேடுங்கள்

என் அனுபவத்தில் பெரும்பாலான அறிக்கைகள் கோட்டை விடும் இடம் இது. ஒரு மணி நேரச் சராசரி 54 என்று காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் தூங்குகிறவரை எழுப்புவது சராசரி அல்ல, திடீரென்று எழும் ஒரு கத்தல். விட்டுவிட்டு வெடிக்கும் சத்தம், அதே அளவுள்ள தொடர்ச்சியான இரைச்சலைவிட அதிகம் எரிச்சலூட்டும் என்பதால், பன்னாட்டு அளவீட்டு முறைகளில் அதற்குக் கூடுதலாகச் சில டெசிபல் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். எனவே படி 4இல் எழுதிய உச்ச அளவுகளையும் தூரத்துக்கு ஏற்பக் குறைத்து, 11 மணியின் எல்90க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெங்களூர் வானிலைக்குப் பலரும் ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்தே வைத்துத் தூங்குகிறார்கள். திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல் மட்டுமே குறைக்கும்.

படி 7: குறைக்கும் வழிகளைச் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள்

முதலில் நேரம். கடைசி ஸ்லாட்டை 9:30க்கே முடித்தால் ஆட்களும் பைக்குகளும் 10 மணிக்குள் கலைந்துவிடுவார்கள்; எந்தச் சுவரும் தராத பலன் இது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும், ஆகவே வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிடுவது லாபம். பச்சை வலையும் செடி வரிசையும் கண்ணுக்குத்தான் தடுப்பு. ஓட்டையில்லாத, சதுர மீட்டருக்கு 10 கிலோவாவது எடையுள்ள சுவர், பார்வைக் கோட்டை மறைக்கத் தொடங்கும் உயரத்திலேயே சுமார் 5 டெசிபல் குறைக்கும். மேலே எழுப்ப எழுப்ப இன்னும் குறையும். பந்து மோதும் பக்கங்களில் தகரத்துக்கு முன்னால் தளர்வான வலையைத் தொங்கவிட்டால் ‘டமார்’ போய்விடும். ஜெனரேட்டர் வைத்தால் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

படி 8: அண்டை வீட்டாரிடம் காட்டுங்கள்

வரைபடம், அளந்த தேதி, நேரம், கருவியின் பெயர், அளவுகள், கணக்கு, செய்யப் போகும் மாற்றங்கள் எல்லாம் இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கட்டும். கன்னடத்திலும் ஒரு பிரதி அச்சிடுங்கள். அதில் இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் கட்டாயம் இருக்க வேண்டும். திறந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை இரவே, படி 3இல் நின்ற அதே இடங்களில் மறுபடி அளந்து, அந்த எண்களையும் அதே தாளில் சேர்த்து வீடு வீடாகக் கொடுங்கள்.