மாடலிங் ஆம்பும் ட்யூப் ஆம்பும்: பலரும் செய்யும் தவறுகள்

கிட்டார் ஆம்ப்களில், வெற்றிடக் குழாய்களை வைத்து ஒலியைப் பெருக்குவது ட்யூப் ஆம்ப்; அப்படிப்பட்ட ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகக் கணக்குப் போட்டு உருவாக்குவது மாடலிங் ஆம்ப், சுருக்கமாக மாடலர். “டிஜிட்டல் ஆம்ப்ல உயிரே இல்லை” என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி: எந்த ஸ்பீக்கரில், எவ்வளவு சத்தத்தில் வைத்துக் கேட்டீர்கள்? பெரும்பாலும் ட்யூப் ஆம்பைப் பெரிய கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டி) அறை அதிரக் கேட்டிருப்பார்கள், மாடலரை ஹெட்ஃபோனில் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டால் காது எடைபோடுவது ஆம்பை அல்ல, ஸ்பீக்கரையும் சத்தத்தையும்தான். சத்தம் குறையும்போது பேஸும் ட்ரெபிளும் நம் காதுக்கு மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே கேபினட்டில் இணைத்து, ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

அடுத்தது கேபினட் சிமுலேஷன், அதாவது கிட்டார் கேபினட்டில் கேட்கிற ஒலியை மாடலரே போலியாக உருவாக்குவது. டிஜிட்டல் பக்கம் நடக்கிற குழப்பங்களில் பாதி இதனால்தான். கிட்டார் ஸ்பீக்கர் முழு ஒலியையும் அப்படியே தருகிற ஸ்பீக்கர் அல்ல. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ஒலி சரசரவென்று இறங்கிவிடும். அந்த வடிகட்டலையும், எதிரே வைத்த மைக்கின் தன்மையையும் சேர்த்துத்தான் மாடலர் கணக்குப் போட்டுத் தருகிறது. அந்த வெளியீட்டை நிஜமான கிட்டார் கேபினட்டில் செருகினால் ஒரே வடிகட்டல் இரண்டு முறை நடக்கும். கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல அமுங்கிக் கேட்கும். அதே சிமுலேஷனை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனிலோ பிஏ சிஸ்டத்திலோ (மேடை ஒலிபெருக்கி) கேட்டால், குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பு ஒலி) காதைக் குத்தும். கிட்டார் கேபினட் என்றால் அணைத்து வையுங்கள். ஹெட்ஃபோன், பிஏ, ரெக்கார்டிங் என்றால் போட்டு வையுங்கள்.

மாடலரை ட்யூப் ஆம்பின் முன் இன்புட்டில் செருகுவதும் இதே ரகம்தான். மாடலருக்குள் ஒரு ப்ரீஆம்ப் (டோனை அமைக்கிற முதல் பகுதி), வெளியே ஆம்பில் இன்னொரு ப்ரீஆம்ப் என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஆம்பின் பின்னால், ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகிற எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் அதில் செருகுங்கள்.

சரி, வீட்டில் உட்கார்ந்து செய்கிற ப்ரீசெட்டுக்கு (மாடலரில் சேமித்து வைக்கிற டோன் அமைப்பு) வருவோம். ஒரு ரிகர்சலுக்கு முந்தின இரவு ஹெட்ஃபோனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு டோன் செய்தேன். நல்ல அடி பேஸ், மினுமினுக்கிற ட்ரெபிள், நடுவில் மிட் (நடு அதிர்வெண்கள்) குறைவு, சுற்றிலும் அறை எதிரொலி போன்ற ரிவர்ப். தனியாகக் கேட்க அவ்வளவு அழகு. மறுநாள் ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த நொடியில் என் கிட்டார் காணாமலே போய்விட்டது. கிட்டாருக்கு உரிய இடம் மிட்தான், நான் அதைத்தான் வெட்டி வைத்திருந்தேன். ஆறாவது கம்பியின் அடிப்படைச் சுரமே சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கிக் ட்ரம்முக்கும் உரிய இடம், அதை லோ கட் (கீழ் ஒலியை வெட்டுகிற வடிகட்டி) வைத்து விட்டுக்கொடுங்கள். கம்பெனி வைத்து அனுப்புகிற ப்ரீசெட்டுகளிலும் ரிவர்பும் டிலேயும் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். கடைசித் திருத்தத்தை பேண்டோடு வாசிக்கிற சத்தத்தில்தான் செய்ய வேண்டும். கெயினையும் (டிஸ்டார்ஷனைக் கூட்டுகிற திருகு) நினைப்பதை விடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஏற ஏற ஒலி அமுங்கி, பிக் கம்பியில் படுகிற அந்த முதல் அடி மழுங்கிவிடும்.

இனி, டிஜிட்டலில் பழகிவிட்டு ட்யூபுக்கு வருகிறவர்களுக்கு. இங்கே தவறு செய்தால் டோன் மட்டுமல்ல, ஆம்பே போய்விடலாம். ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்கிற பெட்டி) இணைக்காமல் ட்யூப் ஆம்பில் வாசிக்கவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தியால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, அது எரிந்துபோகலாம். ஆம்பில் 4, 8, 16 ஓம் என்று இருக்கிற இடத்தில் கேபினட்டுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். கேபினட்டுக்குப் போகிற ஒயர் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்க வேண்டும். கிட்டார் கேபிளின் ஜாக்கும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே ஓடுகிற கம்பி மெல்லியது, அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

வாட்ஸ் விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். 50 வாட்ஸை விட 100 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் இல்லை, கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்காகக் காதில் பட ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டுக்கென்று 100 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் வாங்கினால், பவர் ட்யூப் சூடேறி ஒலி இனிக்கிற அளவுக்கு அதை ஒருநாளும் திருகவே முடியாது. வீட்டு வாசிப்புக்கு நான் மாடலரைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லை.

அப்புறம், ட்யூப் மாற்றுவது. 12ஏஎக்ஸ்7 போன்ற ப்ரீஆம்ப் ட்யூபை, ஆம்பை அணைத்து ஆறவிட்டு, நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இஎல்34, 6எல்6 போன்ற பவர் ட்யூப் என்றால், ஃபிக்ஸ்டு பயஸ் வகை ஆம்பில் பயஸை (வாசிக்காதபோதும் ட்யூபில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்ற அமைப்பு) சரிபார்த்தாக வேண்டும். அதற்காகப் பெட்டியைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம். அந்த வேலையைத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.