ஃபோனையும் டேப்லெட்டையும் கன்சோலின் இரண்டாம் திரையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகன் மாடி அறையில் டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி, கீழே இருக்கும் சோனி பிஎஸ்5 கன்சோலின் ஆட்டத்தை, அதை வேறு திரைக்குக் கொண்டுவரும் ரிமோட் ப்ளே வசதியில் ஆட முயன்றுகொண்டிருந்தான். பத்து நொடிக்கு ஒருமுறை படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "மாமா, போன மாசம்தான் 300 ஸ்பீடு நெட் பிளானுக்கு மாத்தினோம், அப்பவும் இழுக்குது. டேப்லெட்டை மாத்திடலாமா?" என்றான். நாலு வருஷத்துக்கு முன் இதே கேள்வியை நான் ஒரு கடையில் நின்று கேட்டிருக்கிறேன். முதலில் பிளான், அப்புறம் வைஃபையைத் தூரத்துக்குக் கடத்தும் ரிப்பீட்டர், கடைசியில் டேப்லெட் என்று அதே வரிசையில்தான் என் காசும் போனது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆப்பை இறக்குவது, இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் நுழைவது, கன்சோலின் அமைப்புகளில் ரிமோட் ப்ளேயை இயக்கி வைப்பது, இதையெல்லாம் திரையே சொல்லிக்கொடுக்கும். அதற்குள் போகவில்லை.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளலாம். இரண்டாம் திரை என்ற பெயரில் நாம் இரண்டு வேலை பார்க்கிறோம். டிவி வேறு யாரிடமோ இருக்கும்போது ஆட்டத்தையே ஃபோனுக்குக் கொண்டுவருவது ஒன்று. டிவியில் ஆடிக்கொண்டே, மேப், குறிப்பு, நண்பர்களோடு பேச்சு ஆகியவற்றைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொள்வது இன்னொன்று. காசு கரைவது முதல் வேலையில்தான்.

இழுவை போக நெட் பிளானை ஏற்றுவது

வீட்டுக்குள் ஆடும்போது படம் எந்த வழியாக வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கன்சோலிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து டேப்லெட்டுக்கு. அவ்வளவுதான். கணக்கைச் சரிபார்க்க வெளியே போய் வரும், அதற்கப்புறம் ஆட்டத்தின் படம் வீட்டு வாசலையே தாண்டுவதில்லை. உங்கள் பிளான் 40 எம்பிபிஎஸ்ஸா (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற நெட் வேக அளவு) 300-ஆ என்பது வாசலுக்கு வெளியே இருக்கும் சாலையின் அகலம். நெரிசல் இருப்பதோ சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில். ரிமோட் ப்ளேக்குச் சோனி கேட்பது குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 15. இன்றைக்குச் சின்ன பிளானிலேயே 30, 40 வருகிறது.

அப்படியானால் ஏன் இழுக்கிறது? கன்சோலும் வைஃபை, டேப்லெட்டும் வைஃபை என்று வைத்திருக்கிறோம், அதனால்தான். சேனல் எனப்படும் ஒரு வைஃபை பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கன்சோல் ஒரு படத்துண்டை ரூட்டருக்கு அனுப்பும்போது டேப்லெட் காத்திருக்கிறது. ரூட்டர் அதே துண்டை டேப்லெட்டுக்கு அனுப்பும்போது கன்சோல் காத்திருக்கிறது. ஒரே படம் ஒரே காற்றில் இரண்டு முறை போகிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. அதே காற்றில் நீங்கள் அழுத்திய பட்டனும் எதிர்த்திசையில் போய்ச் சேர வேண்டும். இதில் பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் பேசினால் வரிசை இன்னும் நீளும். யூடியூப் இதே வைஃபையில் தடங்கலில்லாமல் ஓடுவதைப் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். யூடியூப் சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் தடுக்கினாலும் நமக்குத் தெரியாது. ஆட்டத்தில் அடுத்த நொடி என்ன என்பது நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் முடிவாகும், அதை முன்கூட்டி இறக்க வழியே இல்லை.

எனக்கு இது தெரியாது. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் வீட்டில் எத்தனை அறை, கன்சோல் எங்கே, ரூட்டர் எங்கே என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சார், கேமிங்னா ஹையர் பிளான் எடுத்துக்கோங்க" என்றார். மாதம் 400 ரூபாய் கூடுதல், எட்டு மாதம் கட்டினேன். இழுவை அப்படியே இருந்தது. கடையில் 1,800 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர் கொடுத்தார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. விலை குறைந்த ரிப்பீட்டர் காதில் வாங்கியதை அதே சேனலில் திரும்பச் சொல்லும் கருவி, ஆகவே இரண்டு முறை போன படம் மூன்று முறை போக ஆரம்பித்தது. கடைசியில் "உங்க டேப்லெட் பழசு" என்று ஒருவர் சொல்ல, 22,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். புதுத் திரையில் அதே கட்டங்கள், இன்னும் தெளிவாக. இன்றைக்கும் யாராவது "பிளானை ஏத்துங்க" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்கிறவன் பெரும்பாலும் பாக்கெட் மணியில் ஆடும் பையன், கட்டுவது அவன் அப்பா.

விஷயம் தீர்ந்தது தற்செயலாக. ஃபைபர் இணைப்பில் ஏதோ கோளாறு என்று பார்க்க வந்த டெக்னீஷியன் வேலை முடிந்ததும் ஹாலைப் பார்த்தார். "ஏன் சார், கன்சோலுக்கு ஒரு வயர் போட்டுடலாமே?" என்றார். பையிலிருந்து லேன் கேபிளை எடுத்து, ரூட்டரிலிருந்து டிவி மேசை வரைக்கும் சுவரோரமாக அளந்தார், 12 மீட்டர். மேலுறையைக் கொஞ்சம் சீவி, உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த எட்டு இழைகளையும் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நீவி நேராக்கினார். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. ஒரே வெட்டில் முனைகளைச் சமமாக்கி, பிளாஸ்டிக் பிளக்குக்குள் தள்ளி, பிளக்கைக் கடித்து இறுக்கும் கிரிம்பரில் வைத்து ஒரு அழுத்து. இரண்டு முனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். கேபிளும் கூலியும் 350 ரூபாய்.

அன்று மாலை முதல் படம் உடையவில்லை. முன்பெல்லாம் ஆட்டம் ஓடும்போது பக்கத்தில் இன்னொரு ஃபோனிலிருந்து ரூட்டருக்கு பிங் போட்டால், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று பார்த்தால், 4, 6, 90, 5, 140 என்று குதிக்கும். கேபிள் போட்டபின் 3-க்கும் 8-க்கும் நடுவிலேயே நின்றது. நீங்களும் எதையாவது வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சராசரி எண்ணைப் பார்க்காதீர்கள், குதிப்பதைப் பாருங்கள். ஆட்டத்தைக் கெடுப்பது அந்தக் குதிப்புதான்.

கேபிள் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். சில இடங்களில் நாலு இழை மட்டும் உள்ள கேபிளைத் தருவார்கள். அதில் 100 எம்பிபிஎஸ்தான் போகும். ரிமோட் ப்ளேக்கு அதுவே தாராளம், ஆனால் 80 ஜிபி, 100 ஜிபி ஆட்டங்களை இறக்கவும் இதே கேபிள்தான் என்பதால் எட்டு இழையாகக் கேட்டு வாங்குங்கள்.

நின்டெண்டோ 2012-இல் வீ யூ கன்சோலைக் கொண்டுவந்தபோது கன்ட்ரோலரிலேயே 6.2 அங்குலத் திரையை வைத்தார்கள். அந்தத் திரைக்கான படம் உங்கள் வீட்டு ரூட்டர் வழியாக வரவே இல்லை. கன்சோலும் கன்ட்ரோலரும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொண்டன. டிவியும் கையிலிருக்கும் திரையும் கிட்டத்தட்ட ஒன்றாக ஓடியதற்கு அதுதான் காரணம். விற்பனையில் அது தோற்றது, ஆனால் நடுவில் ஒரு தாவலைக் குறைக்க வேண்டும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். நாம் கன்சோலுக்குக் கேபிள் போடுவதும் அதே வேலைதான், ஒரு தாவலைக் காற்றிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

வாடகை வீடு, வயர் இழுக்க வழியில்லை என்றால் கன்சோலை ரூட்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுபோங்கள். டிவி கூடவே போக வேண்டியதில்லை, ரிமோட் ப்ளேக்கு டிவியே தேவையில்லையே. அதுவும் முடியாவிட்டால் கன்சோல், டேப்லெட் இரண்டையும் ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள், நடுவில் ஒரு சுவருக்கு மேல் வராதபடி பாருங்கள். நம் பழைய வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் தளர்ந்துவிடும்.

2.4-இல் ஃபோன், அதே ஃபோனில் ப்ளூடூத் கன்ட்ரோலர்

ப்ளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இருக்கின்றன. ஃபோன் 2.4-இல் படத்தை வாங்கிக்கொண்டே, ப்ளூடூத்தில் கன்ட்ரோலரோடும் பேசி, அதற்கு மேல் ப்ளூடூத் இயர்ஃபோனுக்குச் சத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்றால் ஏதோ ஒன்று தடுமாறும். பெரும்பாலும் பட்டன்தான். அழுத்தியது பிடித்துக்கொள்ளும், ஆட்டத்தில் நம் பாத்திரம் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோனை 5-க்கு மாற்றுங்கள், காதுக்கு வயர் உள்ள இயர்ஃபோன் போடுங்கள். பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை ஃபோனோடு இணைக்க ஆண்ட்ராய்டு 12, ஐஃபோனில் ஐஓஎஸ் 14.5 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய ஃபோனை இதற்கென்று ஒதுக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கெஸ்ட் வைஃபை

விருந்தாளிகளுக்கென்று ரூட்டர் தனியாகக் கொடுக்கும் வைஃபை இது, அதில் ஃபோனைச் சேர்க்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்காதபடி பல ரூட்டர்கள் தடுத்துவைக்கும். ஃபோன் கன்சோலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஆறு அங்குலத் திரையில் 1080பி

இவை படத்தின் தெளிவு அளவுகள், சின்னத் திரைக்கு 720பி போதும்.

துணை ஆப்பை நம்பி ஆட்டம் வாங்குவது

ஒரு காலத்தில் ஒவ்வொரு பெரிய ஆட்டத்தோடும் ஒரு ஆப் வந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு 2012-இல் ஸ்மார்ட்கிளாஸ் என்ற துணை ஆப் வந்தது. 2015-இல் ஃபால்அவுட் 4-க்கு வந்த பிப்-பாய் ஆப் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தில் நாயகன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அதே கருவி நம் ஃபோனில் ஓடும், மேப், பொருள்கள், உடல்நிலை எல்லாம் அப்போதைக்கப்போதே மாறும். ஆனால் 2014-இன் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டியில் சில பெட்டிகளைத் திறக்கவே ஃபோன் ஆப் வேண்டும் என்று வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் நம் முன்னால் பெட்டி பூட்டிக் கிடக்கும். பலரும் எதிர்த்த பிறகு அதை எடுத்தார்கள். இப்படிப்பட்ட ஆப்புகளுக்கு ஆட்டத்தின் ஆயுள் இருப்பதில்லை. டிஸ்க் அலமாரியில் இருக்கும், ஆப் கடையிலிருந்து போயிருக்கும்.

ஆகவே பழைய ஆட்டத்தை "ஃபோன் ஆப் இருக்காம்" என்ற ஆசையில் வாங்காதீர்கள். மேப் வேண்டுமென்றால் டேப்லெட்டின் பிரவுசரில் ரசிகர்கள் செய்த மேப்பைத் திறந்துவைத்தால் வேலை முடிந்தது. திரை தானாக அணையும் நேரத்தை மட்டும் கூட்டிவிடுங்கள், சண்டைக்கு நடுவில் கை நீட்டித் தட்ட வேண்டியிராது.

மேப்பை மடியில் வைப்பது

டிவிக்குக் கீழே, உங்கள் பார்வைக் கோட்டிலேயே ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். கண் மட்டும் இறங்கினால் போதும். மடியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் கழுத்து குனியும், இரண்டு மணி நேரத்தில் வலி தெரியும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே, கவரோடு

சூடானால் ஃபோன் தன் வேகத்தைத் தானே குறைக்கும், திரையும் மங்கும். கவரைக் கழற்றுங்கள். முதலில் சார்ஜ், அப்புறம் ஆட்டம். பேட்டரி சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள்.

ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ்

வெளியூரிலிருந்து ஆட நினைப்பவர்கள் கன்சோலை முழுதாக அணைக்காமல், தூங்கும் நிலையான ரெஸ்ட் மோடில் விட்டுப் போவார்கள். இணையத்தோடு இணைந்திருப்பது, நெட்வொர்க் வழியாக பிஎஸ்5-ஐ எழுப்புவது என்ற இரண்டையும் ரெஸ்ட் மோட் அமைப்புகளில் இயக்கியிருக்க வேண்டும். இதைத்தான் முதலில் மறக்கிறோம். அதைவிட முக்கியம் கரண்ட். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கரண்ட் போனால் ரூட்டர் விழித்திருக்கும், கன்சோல் செத்திருக்கும். ரெஸ்ட் மோடில் இருக்கும்போது இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று சோனியே சொல்கிறது. கரண்ட் போவதும் அதே துண்டிப்புதான். கன்சோலின் பிளக் வீட்டு இன்வெர்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் அதில் இருக்கும். பெரிய ஆட்டம் ஓடும்போது பிஎஸ்5 200 வாட்டைத் தொடும், இன்வெர்டர் தாங்குமா என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அக்கா மகனுக்கு அன்றைக்கே எட்டு இழைக் கேபிள் வாங்கி வந்தேன். ஹாலுக்கு நடுவில் வயர் கிடந்தால் கால் தடுக்கும் என்று அக்கா யோசித்தாள், அதனால் கதவு நிலையைச் சுற்றி மேலே ஏற்றி, முழத்துக்கு ஒரு கிளிப் அடித்தோம், மூலைகளில் இறுக்கி மடிக்காமல் வளைவாகவே விட்டோம். மாடி அறையில் டேப்லெட் பழையதுதான், பிங் 5, 7, 6 என்று ஓடியது. கீழே இரண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பித்திருந்தது. அடுத்த பில்லிலிருந்து பழைய பிளானுக்கே திரும்பச் சொல்லி அக்கா எழுதி வைத்துக்கொண்டாள்.