கேலக்ஸியா, டார்ச் பவளங்களுக்குக் கடல்நீர் மீன்தொட்டியில் இடம் பார்ப்பது எப்படி?

பகலில் பார்த்தால் கேலக்ஸியா பச்சைப் பூங்கொத்து மாதிரி அடக்கமாக இருக்கும். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணாடி நூல் போன்ற இழைகள் சாண் நீளத்துக்கு நீண்டு நீரோட்டத்தில் அலையும். இவற்றைத்தான் ஸ்வீப்பர் என்கிறோம். நுனி முழுக்கக் கொட்டும் செல்கள்.

என் முதல் கேலக்ஸியாவை அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன். மூன்றே வாரத்தில் அக்ரோபோராவின் அந்தப் பக்கத்தில் மட்டும் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. அது பிழைக்கவில்லை. பகலில் பார்த்து இடம் முடிவு செய்ததுதான் நான் செய்த தவறு.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். இந்தியாவில் 2001 முதல் கடினப் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த துண்டு என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பண்ணையில் வளர்த்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 1: தண்ணீர். வெப்பம் 25 டிகிரி, உப்பு நீரின் ஒப்படர்த்தி 1.025, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பி.பி.எம். அளவில். இவை சில வாரங்களாவது ஏறி இறங்காமல் நின்ற பிறகே பவளம் வாங்குங்கள்.

படி 2: இடம். இதற்கு அவசரமே வேண்டாம். கேலக்ஸியாவைச் சுற்றி 25 முதல் 30 செ.மீ. காலியாக விடுங்கள். டார்ச்சுக்கு 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டார்ச்சின் உறவுப் பவளங்களான ஹேமரும் ஃப்ராக்ஸ்பானும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். டார்ச் அந்த இரண்டையும் கொட்டிவிடும், அதனால் அதைத் தனியே வையுங்கள்.

தூரத்தை அளந்தால் மட்டும் போதாது, நீரோட்டத்தின் திசையையும் பாருங்கள். இழைகள் நீர் போகும் பக்கமே நீளும். பம்ப்புக்கு அருகில் கேலக்ஸியாவை வைத்தால் அதன் இழைகள் மற்ற பவளங்கள் மேல்தான் போய் விழும். நீர் போய்ச் சேரும் கடைசி ஓரத்தில் வைத்தால் வெறும் கண்ணாடியைத்தான் தடவும்.

படி 3: வைப்பது. சதையைத் தொடாமல், அடியில் இருக்கும் எலும்பைப் பிடியுங்கள். டார்ச் விரிந்திருந்தால் தண்ணீரை மெல்ல அசைத்து, அது சுருங்கிய பிறகு தூக்குங்கள். உடனே பாறையில் ஒட்ட வேண்டாம், முதல் இரண்டு வாரம் மணல் மேல் குறைந்த வெளிச்சத்தில் இருக்கட்டும். இழைகள் மெதுவாக ஆடும் அளவுக்கு நீரோட்டம் போதும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் பம்ப்பின் முகத்தைத் திருப்பிவிடுங்கள்.

படி 4: இரவுக் காவல். சிவப்பு விளக்கில் தொட்டியைப் பாருங்கள், பவளங்கள் அதற்கு அவ்வளவாகச் சுருங்காது. ஸ்வீப்பர் எதுவரை எட்டுகிறது என்று கண்ணாடியின் வெளிப்புறம் மார்க்கரால் குறித்து வையுங்கள். அது முதல் நாளே முழு நீளம் காட்டாது, வாரக்கணக்கில்தான் வளரும். அதனால் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். சரி என்று தெரிந்தபின் ஒட்டலாம்.

உணவுக்கு வாரம் ஒருமுறை, பம்ப்பை நிறுத்திவிட்டு, உருகவைத்த மைசிஸ் இறால் கொஞ்சம். அவ்வளவுதான்.

டார்ச்சின் மேல் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஏதாவது தெரிந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். கூழ் சிதறிப் பரவாமல் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தத் துண்டை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பக்கத்துத் தலைகளுக்கு (கிளை நுனிகளுக்கு) இந்த நோய் ஓரிரு நாளிலேயே பரவிவிடும்.