இது சூரிய வழிபாட்டிலிருந்து வந்ததா? கிறிஸ்தவச் சின்னங்களைச் சோதித்தறியும் முறை

இயேசுவின் தலைக்குப் பின்னால் வரையப்படும் ஒளிவட்டம், டிசம்பர் 25, நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) வைத்து ஆராதிக்கும் கதிர்ப்பாத்திரம், கிழக்கு நோக்கிய செபம் ஆகிய அனைத்தும் ரோமர்களின் சூரியக் கடவுளிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று காணொளிகளும் துண்டறிக்கைகளும் அடிக்கடி சொல்கின்றன. கேட்பவர்களில் சிலர் முழுவதையும் நம்பிக் கலங்குகிறார்கள். சிலர் முழுவதும் பொய்யென்று தள்ளிவிடுகிறார்கள். இந்த இரண்டிலுமே உண்மை கைநழுவிப் போகிறது. ஏனெனில் இக்கூற்றுகளில் சில சரியானவை, சில பாதி சரியானவை, சில அடியோடு தவறானவை. அவற்றைப் பிரித்தறிய லத்தீனோ கிரேக்கமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

படி 1: கூற்றை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"கிறிஸ்தவம் சூரிய வழிபாடு" என்பதைச் சோதிக்க முடியாது. அது மிகவும் பரந்தது. "கிறிஸ்தவ ஓவியர்கள் ஒளிவட்டத்தைச் சூரியக் கடவுளின் உருவத்திலிருந்து எடுத்தார்கள்" என்பதைச் சோதிக்க முடியும். ஒரு சின்னம், ஒரு மூலம் என்று குறுக்குங்கள். எழுதும்போதே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வடிவம் வந்தது என்கிறார்களா, வழிபாடே வந்தது என்கிறார்களா? குழப்பத்தில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால்தான் வருகிறது.

படி 2: இரண்டு பக்கமும் ஆண்டைக் குறியுங்கள்

கதிர்ப்பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதன் பெயரிலேயே கதிர் இருப்பதால் நம்மிடையே இந்தச் சந்தேகம் எளிதில் எழுகிறது. ரோமப் பேரரசர் ஔரேலியன் வெல்லப்படாத சூரியனுக்குக் கோவில் எழுப்பியது கி.பி. 274இல். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியுஸ் பழைய ரோமச் சமயப் பலிகளைத் தடைசெய்தார். நற்கருணைப் பெருவிழாவைத் திருத்தந்தை நான்காம் உர்பன் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தியதோ 1264இல். அதன் பிறகு செய்யப்பட்ட தொடக்ககாலப் பாத்திரங்கள் கோபுர வடிவில் இருந்தன. சுற்றிலும் கதிர்கள் விரியும் வடிவம் 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய, அலங்காரம் மிகுந்த பரோக் கலைக்காலத்தில்தான் பெருவழக்கானது. இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கும்போது, அதை இணைக்கும் கண்ணிகளைக் காட்ட வேண்டிய பொறுப்பு கூற்றைச் சொல்பவருடையது.

அந்தக் கதிர்கள் வேறெங்கிருந்து வந்தன? இத்தாலியின் சியன்னா நகரப் புனித பெர்னார்தினோ, 15ஆம் நூற்றாண்டில் இயேசுவின் பெயரெழுத்துகளைச் சூரியக் கதிர்களுக்கு நடுவில் பொறித்த பலகையை ஏந்தி ஊர் ஊராகப் பிரசங்கித்தார். அவர்மீதே சிலைவழிபாட்டுக் குற்றச்சாட்டு எழுந்து, திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் முன் விசாரிக்கப்பட்டு, அவர் விடுவிக்கப்பட்டார். லத்தீன் விவிலியத்தில் 19ஆம் சங்கீதத்தின் ஒரு வரி "தம் கூடாரத்தைச் சூரியனில் அமைத்தார்" என்று பொருள்படும்படி அமைந்திருப்பதையும் இந்த வடிவத்துக்குக் காரணமாகச் சொல்வதுண்டு. நம் தமிழ் விவிலியத்திலோ அதே இடம் சூரியனுக்குக் கூடாரம் அமைத்ததாக இருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பின் வேறுபாடு பொற்கொல்லரின் பட்டறை வரை சென்றிருக்கக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

படி 3: பொருளை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் அடியில் பழைய ரோமக் கல்லறைத் தொகுதி ஒன்று இருக்கிறது. 1940களில் அதை அகழ்ந்தபோது ஆராயப்பட்ட சிறு கல்லறை ஒன்றுக்கு யூலியர் கல்லறை என்று பெயர். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் கூரையில், பொன்னிறப் பின்னணியில் ஒருவர் தேரில் ஏறி வருகிறார். வெள்ளைக் குதிரைகள் பாய்கின்றன. தலையைச் சுற்றிக் கதிர்கள் விரிகின்றன. கையில் உலக உருண்டை இருக்கிறது. படத்தை மட்டும் தனியே வெட்டிக் காட்டினால் அது ரோமச் சூரியக் கடவுள்தான். துண்டறிக்கைகள் அப்படித்தான் வெட்டிக் காட்டுகின்றன.

இப்போது கண்ணைச் சுவர்களுக்குத் திருப்புங்கள். ஒரு சுவரில், மூன்று நாள் கழித்து உயிரோடு வெளிவந்த விவிலிய இறைவாக்கினர் யோனா கடல்மிருகத்தின் வாயில் விழுகிறார். மற்றொன்றில் தூண்டிலோடு ஒரு மீனவர். இன்னொன்றில் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பர். தேரைச் சுற்றிக் கூரை முழுவதும் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. இவை கிறிஸ்தவக் கல்லறைகளில் திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் என்பதால், தேரில் வருபவர் கிறிஸ்துவே என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆகவே இங்கே நேர்மையான விடை "ஆம்" என்பதே: வடிவம் சூரியக் கடவுளுடையது. அதை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஆனால் யோனாவுக்கும் மேய்ப்பருக்கும் நடுவில் அந்தத் தேர், கல்லறையிலிருந்து எழுந்தவரைப் பற்றிப் பேசுகிறது. சாவை இரவாகவும் உயிர்ப்பை விடியலாகவும் சொல்ல, அக்காலத்துக் கைவினைஞரின் கையில் தயாராக இருந்த உருவம் அதுதான்.

படி 4: அதே வடிவத்தை வேறு யாரெல்லாம் பயன்படுத்தினார்கள்?

ஒளிவட்டம் சூரியக் கடவுளுக்கும் இருந்தது என்பது சரி. ஆனால் குஷானப் பேரரசர் கனிஷ்கரின் நாணயங்களில் புத்தருக்கும் அது உண்டு. இத்தாலியின் ரவென்னாவில் 547இல் நேர்ந்தளிக்கப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தில் பேரரசர் யுஸ்தினியானும் அரசி தியோடோராவும் ஒளிவட்டத்தோடு நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோமையின் புனித மரியா பேராலயத்தில் உள்ள 5ஆம் நூற்றாண்டு மொசைக்கில் (சிறு வண்ணக் கற்கள் பதித்த ஓவியத்தில்), குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோதின் தலைக்கும் ஒளிவட்டம் இருக்கிறது! ஏரோதைக் கடவுளென்றோ புனிதரென்றோ எந்தக் கிறிஸ்தவரும் நினைத்திருக்க மாட்டார். அப்படியானால் அன்று அந்த வட்டம் மாட்சியையும் அதிகாரத்தையும் குறித்த பொது அடையாளமாக இருந்தது என்று புரிகிறது. புனிதத்துக்கே உரிய அடையாளமாக அது சுருங்கியது பிறகுதான்.

யூதர்களையும் மறக்க வேண்டாம். கலிலேயக் கடலோரம் ஹம்மாத் திபேரியாவில் உள்ள 4ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் தரையில், பன்னிரண்டு ராசிகளுக்கு நடுவே சூரியன் தேரில் வருகிறார். உருவ வழிபாட்டை அத்தனை கடுமையாக விலக்கிய சமூகமே அந்த வடிவத்தைத் தரையில் பதித்திருக்கிறது என்றால், வடிவத்தைக் கண்டதும் வழிபாட்டை முடிவுசெய்யக் கூடாது.

படி 5: அக்காலத்தவர் என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள்

முதலில் விவிலியத்தைத் திறவுங்கள். மல்கியா 4:2 "நீதியின் சூரியன் உதிக்கும்" என்கிறது. மலைமேல் சீடர்கள் முன் தோற்றம் மாறிய உருமாற்றத்தின்போது இயேசுவின் முகம் சூரியனைப்போல் ஒளிர்ந்தது என்கிறது மத்தேயு 17:2. ரோமச் சூரியனுக்கு ஔரேலியன் கோவில் கட்டுவதற்கு முன்பே கிறிஸ்தவர்களிடம் தமக்கென்று ஒரு சூரிய உவமை இருந்தது.

அடுத்து, குற்றச்சாட்டின் வயதைப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் கிழக்கு நோக்கிச் செபிப்பதால் சூரியனை வணங்குகிறார்கள் என்ற பேச்சு கி.பி. 197 அளவிலேயே இருந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியான் அதை மறுத்து எழுதினார். ஆயினும் மறுப்புரை மட்டும் போதாது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லெயோ தம் கிறிஸ்து பிறப்பு மறையுரை ஒன்றில், பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்கும் கிறிஸ்தவர்களைக் கண்டிக்கிறார். சிலர் அறியாமையாலும் சிலர் பழைய பழக்கத்தாலும் செய்கிறார்கள் என்று வருந்துகிறார். மக்களின் பழக்கத்தில் சூரிய வணக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதற்கும், அதைத் தலைமை எதிர்த்தது என்பதற்கும் இந்த ஒரே மறையுரை சான்று. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 6: சான்று எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள்

டிசம்பர் 25 இதற்கு நல்ல பயிற்சி. 354ஆம் ஆண்டு ரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டிச் சுவடியில், அந்நாள் "வெல்லப்படாதவரின் பிறந்தநாள்" என்றும், முப்பது தேர்ப்பந்தயங்கள் நடக்கும் என்றும் இருக்கிறது. அதே சுவடியின் வேறொரு பட்டியல், அந்நாளில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்கிறது. அப்பட்டியல் 336 அளவில் உருவானதாகக் கருதப்படுகிறது. ஔரேலியனின் கோவில் அர்ப்பணிப்பு டிசம்பர் 25இல் நடந்தது என்று பலர் எழுதினாலும், அக்காலச் சான்று அந்தத் தேதியைத் தருவதில்லை. மறுபுறம், கிறிஸ்து சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று பழங்காலத்திலேயே கணித்திருந்தார்கள். கருவில் தோன்றியதும் அதே நாள் என்று கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. எனவே குறிப்பேட்டில் "இரு விளக்கங்கள், முடிவு இல்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதத் துணிவதே இந்த வேலையில் கடினமான பகுதி.

படி 7: கூற்றின் ஊற்றைத் தேடுங்கள்

19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப், கத்தோலிக்க வழக்கங்கள் பலவும் பாபிலோனிலிருந்து வந்தவை என்று எழுதினார். நற்கருணை அப்பத்தில் காணும் ஐ.எச்.எஸ். (IHS) என்ற எழுத்துகளை எகிப்தியத் தெய்வங்களான ஐசிஸ், ஹோரஸ், செப் என்று அவர் விளக்கினார். உண்மையில் அவை கிரேக்கத்தில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகளான இயோத்தா, ஏத்தா, சிக்மா. இன்று சுற்றிவரும் பல கூற்றுகளைப் பின்தொடர்ந்தால், பழங்காலச் சான்றுக்குப் போகாமல் இந்த ஊற்றிலேயே போய் நிற்பதைக் காண்பீர்கள்.

செய்துபார்க்க ஒரு பயிற்சி

புனித பேதுரு சதுக்கத்தின் நடுவிலுள்ள எகிப்தியத் தூண் சூரிய வழிபாட்டுச் சின்னம் என்றும், சதுக்கத்தின் தரைக்கோலம் சூரியச் சக்கரம் என்றும் சொல்லப்படுவதை மேற்கண்ட படிகளில் வைத்துப் பாருங்கள். தொடங்க வேண்டிய தகவல்கள் இவை. தூண் எகிப்திலிருந்து வந்ததே. பேரரசர் கலிகுலா கொண்டுவந்தார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துவின் ஆணைப்படி கட்டடக் கலைஞர் தொமெனிக்கோ ஃபொந்தானா அதை இப்போதைய இடத்தில் நிறுத்தினார். உச்சியில் சிலுவை வைக்கப்பட்டது. பீடத்தில் "இதோ ஆண்டவரின் சிலுவை, பகைவர்களே ஓடிப்போங்கள்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டது. சதுக்கத்துக்கு இன்றைய வடிவத்தைச் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி 1656க்கும் 1667க்கும் இடையில் கொடுத்தார். தரையில் பதித்த வட்டக் கற்கள் 1817ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சூரியன் ஒவ்வொரு ராசிக்குள்ளும் நுழையும் நாளில், நண்பகல் வேளையில் தூணின் நிழல்நுனி எங்கே விழும் என்று அவை குறிக்கின்றன.