'மறந்து மறந்து போகுது': ஜப்பானிய மொழியில் கெட்ட பழக்கத்தைச் சொல்ல 'கச்சி'

ஜப்பானிய மொழியில் 'மஸு' வடிவம் (வினைச்சொல் 'மஸு' என்று முடியும் மரியாதை வடிவம்) வரை படித்துவிட்டீர்களா? அது போதும். முதலில் உச்சரிப்பு: 'கச்சி'யில் வரும் 'க' காந்தியில் வரும் 'க' மாதிரி. 'ச்ச'வை அழுத்த வேண்டாம்.

படி 1: வினைச்சொல்லின் 'மஸு' வடிவத்தை எடுங்கள். வஸுரெமஸு என்றால் 'மறக்கிறேன்'.

படி 2: 'மஸு'வை வெட்டுங்கள். 'வஸுரெ' மிஞ்சும்.

படி 3: 'கச்சி'யை ஒட்டி, முடிவில் 'தெஸு' (வாக்கியத்தை மரியாதையாக முடிக்கும் சொல்) போடுங்கள்.

சைக்கின் வஸுரெகச்சி தெஸு: 'இப்பல்லாம் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.'

'கச்சி'க்கு மூலம் 'வெல்வது' என்ற பொருளுள்ள சொல். மறதி நம்மை ஜெயித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் மனதில் நிற்கும். சில பெயர்ச்சொற்களோடு நேராகவே ஒட்டும்: ப்யோக்கி (நோய்) + கச்சி. அடிக்கடி நோயில் விழும் குழந்தை 'ப்யோக்கிகச்சி நோ கொதொமொ'. அந்த நடு 'நோ'வை விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, நானும் சறுக்கினேன். தினமும் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்ல நினைத்து வீட்டுப்பாடத்தில் 'பென்க்யோ ஷிகச்சி' என்று எழுதிவைத்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டார். படிப்பு ஏதோ விடமுடியாத கெட்ட பழக்கம் போல ஆகிவிட்டது! பெரும்பாலும் விரும்பாத விஷயத்துக்குத்தான் 'கச்சி' வரும். நல்ல பழக்கத்துக்கு 'யொக்கு' (அடிக்கடி) போட்டு, வினையை அப்படியே சொன்னால் போதும்.

படி 4: 'கச்சி'யின் பக்கத்து வீட்டுக்காரர்களோடு, அதாவது அதே சாயலில் வரும் மற்றச் சொற்களோடு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 'கிமி' என்றால் இப்போதைக்கு லேசாக. 'கஸெகிமி தெஸு' என்றால் இன்று கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். 'ப்பொய்' ஆளின் சுபாவத்தைச் சொல்வது; வஸுரெப்பொய் என்றால் மறதிக்காரர். நம் 'மறந்துபோய்' காதில் விழுகிறதல்லவா? தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி.

அப்புறம் 'கிரை கா அரு'. இது எழுத்து நடை, விமர்சனத் தொனி. 'ஹித்தோ நோ ஹனஷி ஓ கிக்கனை கிரை கா அரு': பிறர் பேச்சைக் காதில் வாங்காத குணம் உண்டு. இங்கே வினையை வெட்ட வேண்டாம், முழுசாக வரும். பொதுவாக அடுத்தவரைப் பற்றித்தான் இப்படி எழுதுவார்கள்.

சரி, ஒன்று நீங்களே செய்யுங்கள். ஒக்குரெமஸு என்றால் 'தாமதமாகிறது'. பஸ் எப்போதும் லேட் என்று சொல்ல வேண்டும். விடை: பஸு வா ஒக்குரெகச்சி தெஸு.