சக ஊழியர் மருந்தை எடுக்கிறாரோ என்ற சந்தேகம்: மேலே சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கையில் நேரும் தவறுகள்

மார்ஃபின் பெட்டியில் ஓர் ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) குறைந்தால்தான் திருட்டு என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் எண்ணிக்கை குறையாது. பதிவேட்டில் கணக்கு சரியாக இருக்கும், சாவி அதன் இடத்தில் தொங்கும், கையெழுத்துகளும் இருக்கும். குறைவது நோயாளியின் உடம்புக்குள் போயிருக்க வேண்டிய மருந்து. "ஊசி போட்டும் வலி விடலையே" என்று ஒரே இரவில் இரண்டு மூன்று கட்டில்களிலிருந்து குரல் வரும். கேஸ்ஷீட்டில் மட்டும் வலி குறைந்ததாக, ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் எழுதியிருக்கும்.

சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. கூடவே தயக்கமும் வருகிறது. எத்தனையோ இரவுகள் நம்மோடு கண்விழித்தவர், நமக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர். அவரைப் பற்றி மேலிடத்தில் சொல்வதா? நாம் நினைத்தது தப்பாக இருந்துவிட்டால் அவர் பிழைப்பு என்னாகும்? இந்தத் தயக்கத்தில் தவறில்லை, மனசாட்சி உள்ளவர்களுக்கு அது வரத்தான் செய்யும். தயக்கம் நாள்கணக்கில் நீளும்போது நாம் செய்கிற காரியங்களும் செய்யாமல் விடுகிற காரியங்களும்தான் ஆபத்து.

"ஆதாரம் கிடைக்கட்டும்" என்று காத்திருப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். அவர் திருடினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது அல்ல. கண்ணில் பட்டதை, விசாரிக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் ஒப்படைப்பது மட்டுமே நம் வேலை. அதற்குத் தேவை நியாயமான சந்தேகம், அவ்வளவுதான். மூன்று மாத மருந்து எடுப்புப் பட்டியலை ஆள்வாரியாகப் பிரித்து, அதே வார்டில் அதே ஷிஃப்டில் வேலை பார்க்கும் மற்றவர்களோடு ஒப்பிட மருந்தகத்தால் முடியும். நம்மால் முடியாது. நமக்குப் பெரிய மர்மமாகத் தெரிவது அங்கே ஒரே நாளில் தெளிந்துவிடலாம், அவர் பக்கம் தவறே இல்லை என்றும் தெளியலாம்.

காத்திருக்கும் காலத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மார்ஃபின் வகை வலிமருந்தான ஃபென்டானிலைச் சிரைவழி ஏற்றினால் அதன் வேகம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பழகிய உடம்பு சீக்கிரமே அடுத்ததைக் கேட்கும், அளவும் ஏறிக்கொண்டே போகும். நேற்று மீதி மருந்தை மட்டும் எடுத்தவர் நாளை நோயாளியின் முழு அளவையும் எடுப்பார். மருந்தை உறிஞ்சிக்கொண்டு அதே அளவு சலைனை நிரப்பிவைத்தால் அறுவைசிகிச்சை முடிந்த நோயாளிக்குப் போவது உப்புத் தண்ணீர். எடுத்தவர் தான் குத்திக்கொண்ட ஊசியாலேயே நிரப்பினால் அவர் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

பார்க்காமல் போடும் கையெழுத்து

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருட்டுக்கு அதிகம் பயன்படும் வழி இதுதான், மற்றவர்கள் தங்களை அறியாமலே துணைபோவதும் இங்கேதான்.

ஃபென்டானில் ஆம்பூல் ஒன்றில் 2 மில்லி, அதற்குள் 100 மைக்ரோகிராம். டாக்டர் எழுதியது 50 மைக்ரோகிராம் என்றால் ஒரு மில்லி மிச்சம். அந்த ஒரு மில்லியை இன்னொருவர் கண்ணெதிரே கொட்டி, இருவரும் உடனே கையெழுத்துப் போட வேண்டும். நடப்பது வேறு. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பதிவேட்டை நீட்டி, "சிஸ்டர், ராத்திரி மூணு வேஸ்டேஜ் இருக்கு, ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்பார்கள். நாமும் போட்டுவிடுகிறோம். அந்த மூன்று மில்லி சிங்க்கில் போனதா, சட்டைப் பைக்குள் போனதா என்பது நமக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நாம் பார்க்க வேண்டியது மருந்து சிரிஞ்சுக்குள் ஏறுவதிலிருந்து மீதி கொட்டப்படுவது வரை. சிரிஞ்சில் லேபிள் உண்டா, அளவு சரியா, கொட்டியது அந்தச் சிரிஞ்சைத்தானா என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினால்கூட, தோற்றத்தில் தெளிந்த தண்ணீரான அந்த மருந்தின் இடத்தில் சலைன் வந்துவிடலாம். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மறுப்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. "நான் பார்க்கலையே, எப்படிப் போடுறது?" என்ற ஒரு வரி போதும். ஏற்கெனவே அப்படிப் போட்டுவிட்டவர்கள், தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தகவல் கொடுக்கும்போதே, எந்தத் தேதிகளில் பார்க்காமல் கையெழுத்திட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பின்னால் விசாரணையில் அது தானாக வெளிவருவதைவிட உங்களுக்கும் நல்லது, விசாரிப்பவருக்கும் உதவும்.

கணக்கு உதைக்கும் நாளில் "உடைஞ்சுபோச்சுன்னு எழுதிடலாம்" என்று சரிக்கட்டுவதும் இதே வகை. ஒரு வார்டில் மட்டும், ஒருவர் பணியில் இருக்கும்போது மட்டும் ஆம்பூல்கள் உடைந்துகொண்டே இருந்தால் அந்த வரிகள்தான் பின்னால் முக்கியத் தடயம். அதை நாமே அழித்துவிடக் கூடாது.

முகத்தைப் பார்த்துச் சந்தேகிப்பது

மருந்துக்கு அடிமையானவர் என்றதும் கலைந்த தலையும் வேலையில் அசட்டையும் கொண்ட ஒருவர் மனதில் வருகிறார். வார்டில் நிலைமை நேர்மாறாகவும் இருக்கலாம். கேட்காமலே கூடுதல் டியூட்டி பார்ப்பவர், விடுப்பு நாளிலும் எட்டிப்பார்ப்பவர், "உங்க பேஷண்டுக்கும் நானே ஊசி போட்டுடறேன், நீங்க சாப்பிட்டு வாங்க" என்பவர். மருந்து இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. வேலைத் திறமை கடைசியாகத்தான் சரியும். வீடும் உறவும் பணமும் அதற்கு வெகு முன்பே சரிந்திருக்கும்.

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. கை நடுங்குவது சர்க்கரை தாழ்வதாலும் இருக்கலாம், தைராய்டாலும் இருக்கலாம். அடிக்கடி கழிப்பறைக்குப் போவது குடல் நோயாக இருக்கலாம். தூங்கி வழிவது தொடர்ந்து நான்கு இரவு விழித்ததால் இருக்கலாம். முழுக்கைச் சட்டை தோல் நோயை மறைக்கவும்தான். நடத்தையை மட்டும் வைத்து ஒருவரைக் குறிவைத்தால் நமக்குப் பிடிக்காதவர்தான் மாட்டுவார். மருந்துப் பக்கத்துச் சான்றோடு சேர்ந்தால்தான் நடத்தைக்குக் கனம். மார்ஃபின் 2 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், சிறிய ஆம்பூல் இருந்தும் 10 மில்லிகிராம் ஆம்பூலையே எடுப்பது, எடுத்த நேரத்துக்கும் கொடுத்ததாக எழுதிய நேரத்துக்கும் ஒன்றரை மணி இடைவெளி, டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் பேரில் எடுப்பு, மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி துளைத்த தடம், ஆம்பூல் கழுத்தில் பசை பூசி ஒட்டிய மினுமினுப்பு, ஊசிக் கழிவுப் பெட்டிக்குள் கைவிடுவது. நோயாளியின் தோலில் ஒட்டியிருந்து உரித்துப்போட்ட ஃபென்டானில் பட்டையும் காணாமல் போகும். மூன்று நாள் ஒட்டியிருந்த பிறகும் அதில் கணிசமான மருந்து மிச்சமிருக்கிறது.

நாமே துப்புத் துலக்குவது

அவர் பையைத் திறந்து பார்ப்பது, லாக்கரைச் சோதிப்பது, கைப்பேசியில் கேஸ்ஷீட்டைப் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது, நமக்குச் சம்பந்தமில்லாத நோயாளிகளின் பதிவுகளைத் திறந்து பார்ப்பது எல்லாமே வினையில் முடியும். நோயாளியின் அந்தரங்கத்தை மீறிய குற்றம் நம்மேல் வரும், சேகரித்த சான்றும் கெட்டுப்போகும். சந்தேகமான ஆம்பூலோ சிரிஞ்சோ கையில் கிடைத்தால் கழுவவோ கொட்டவோ மூடியைத் திறக்கவோ வேண்டாம். கையுறையோடு எடுத்து, ஊசி குத்தாத உறுதியான டப்பாவில் போட்டு மூடி, தேதி, நேரம், கிடைத்த இடம் எழுதி, உடனே பொறுப்பு மருந்தாளுநரிடம் நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளே இருப்பது மருந்தா சலைனா என்பதை ஆய்வகம் சொல்லும்.

"நீங்களும் கவனிச்சீங்களா?" என்று நான்கு பேரிடம் விசாரிப்பதும் துப்புத் துலக்குவதுதான். சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அவர் குற்றமற்றவராக இருந்தால் அந்தக் கறை போகாது. குற்றவாளியாக இருந்தால் சுதாரித்துக்கொள்வார்.

தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது

அன்பால் செய்யும் தவறு இது. "எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அவர் மறுப்பார், அழுவார், இதுதான் கடைசி என்று சத்தியம் செய்வார். அந்த நேரத்தில் அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் சத்தியத்தால் தீரும் நோய் அல்ல இது. நம் வாக்குறுதியும் நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டோம் என்று தெரியும் அந்தச் சில மணி நேரங்களில் தற்கொலை அபாயம் மிக அதிகம். கையில் உயிர்கொல்லும் மருந்தும், அளவு தெரிந்த அறிவும் அவரிடம் இருக்கின்றன. அதனால்தான் முறையான அமைப்புகளில் முதலில் சிகிச்சைக்கு இடம் தயார்செய்துகொண்டு, குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து பேசுகிறார்கள். பேசி முடித்ததும் தனியே வீட்டுக்கு அனுப்புவதில்லை, குடும்பத்தாரிடமோ மருத்துவமனையிலோ ஒப்படைக்கிறார்கள். நீங்கள் தகவல் கொடுக்கும்போதே "அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம்.

பொத்தாம்பொதுவாக எழுதுவது

"அவர் நடவடிக்கை சரியில்லை" என்ற கடிதத்தை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. "திருடுகிறார்" என்று எழுதினால் நம்மேல் அவதூறு திரும்பும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இப்படி: "14-ஆம் தேதி இரவு 2.10. கட்டில் 7-க்கு மார்ஃபின் 10 மி.கி. ஆம்பூல் எடுத்ததாகப் பதிவு. ஆணை 2 மி.கி. மீதி 8 மி.கி. கொட்டியதாக எழுதிய நேரம் 6.45. அப்போது சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் வந்தார், நான் மறுத்தேன். 3.00 மணிக்கு நோயாளி தனக்கு ஊசி போடவில்லை என்று என்னிடம் சொன்னார். வலி அளவு 8 என்றார். கேஸ்ஷீட்டில் 2 என்று இருந்தது." இதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, ஆனால் எங்கே தேடுவது என்பது எல்லாம் இருக்கிறது. அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நேரங்கள் பிசகும்.

நடைபாதையில் நின்று இன்சார்ஜிடம் வாய்மொழியாகச் சொல்வது சொல்லாததற்குச் சமம். எழுத்தில், தேதியோடு, நேரடி மேலதிகாரியிடமோ மருந்தகப் பொறுப்பாளரிடமோ கொடுங்கள். மேலதிகாரி அவருக்கு நெருக்கமானவர் என்றாலோ, சந்தேகமே அந்த மேலதிகாரி மேல் என்றாலோ அவரைத் தாண்டி நிர்வாகத்துக்குப் போகலாம். பெயர் போடாமல் எழுதுவதற்கும் இடமுண்டு, ஆனால் விசாரிப்பவரால் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாது. பெயரில்லாமல் எழுதுபவர்கள் விவரத்தை இரண்டு மடங்கு துல்லியமாகத் தர வேண்டும்.

கண்ணெதிரே தள்ளாடும்போது காகிதம் தேடுவது

அப்போது புகார் பிறகு. முதலில் அவரை நோயாளியிடமிருந்து விலக்கி, அந்த நோயாளிகளை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் விடாதீர்கள். கழிப்பறையில் விழுந்து கிடந்தால் அவசர உதவியைக் கூப்பிட்டு மூச்சைப் பாருங்கள். மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின், ஃபென்டானில் வகை மருந்து என்று சந்தேகியுங்கள். மாஸ்க்கும் பேகும் வைத்து மூச்சுக் கொடுப்பது முதல் வேலை, பிறகு ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்சோன். ஓர் ஆம்பூலில் 0.4 மி.கி. இருக்கும். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடுவதால், கண் விழித்தவர் மறுபடி மூச்சு விட மறக்கலாம், எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அனுப்பிவிடக் கூடாது. எடுத்தது மிடாசோலம், புரோபஃபோல் போன்ற மயக்க மருந்து என்றால் நலாக்சோன் பலிக்காது, மூச்சுக் கொடுப்பதுதான் காப்பாற்றும்.

சத்தமில்லாமல் போகவிடுவது

"ராஜினாமா வாங்கிட்டோம், பிரச்சினை முடிஞ்சது" என்று நிர்வாகம் சொல்லும்போது பலருக்கும் நிம்மதியாக இருக்கும். அமெரிக்காவில் இதய ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் 2008-இல் ஒரு மருத்துவமனையில் ஃபென்டானில் சிரிஞ்சை ஆடைக்குள் ஒளித்ததை உடன் இருந்தவர் பார்த்துச் சொன்னார். வேலை போனது, போலீசுக்குத் தகவல் போகவில்லை. அவர் அடுத்தடுத்த மாநிலங்களில் வேலை பார்த்துக்கொண்டே போனார். ஹெபடைட்டிஸ் சி இருந்த அவர், தான் பயன்படுத்திய சிரிஞ்சுகளில் சலைனை நிரப்பித் திரும்ப வைத்தார். 2012-இல் நியூ ஹாம்ப்ஷயரில் நோயாளிகளுக்குத் தொற்று தெரியவந்த பிறகே பிடிபட்டார். குறைந்தது 45 பேருக்குத் தொற்று. 2013-இல் 39 ஆண்டு சிறைத் தண்டனை. முதலில் பார்த்துச் சொன்னவர் தன் கடமையைச் செய்தார், அந்தத் தகவலை அடுத்த படிக்கு நகர்த்தாதவர்கள் தவறினார்கள்.

ஆகவே கொடுத்த கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும். ஒருசில நாட்களில் "பெற்றுக்கொண்டோம், பார்க்கிறோம்" என்ற பதிலாவது வராவிட்டால் அடுத்த நிலைக்கோ, பதிவு வழங்கிய தொழில் கவுன்சிலுக்கோ எழுதுங்கள். விசாரணை விவரங்களை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அது சரிதான். நோயாளிகளுக்குத் தொற்றுப் பரிசோதனை தேவையா என்று மட்டும் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் சி ஆண்டுக்கணக்கில் அறிகுறி காட்டாமல் கிடக்கும். கண்டுபிடித்துவிட்டால் 8 முதல் 12 வார மாத்திரையில் பெரும்பாலானோருக்குக் குணமாகும்.

திரும்பி வருபவரிடம் சாவியைக் கொடுப்பது

காட்டிக்கொடுத்து ஒருவர் வாழ்க்கையை முடித்துவிட்டோம் என்று உறுத்துபவர்களுக்கு: அமெரிக்காவில் கண்காணிப்புச் சிகிச்சைத் திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் உரிமத்தோடு பணியில் இருந்தார்கள். சிகிச்சைக்கும் முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அந்தப் பலன் உண்டு. திரும்பி வருபவருக்குக் கொஞ்ச காலம் போதை மருந்துச் சாவி தரக் கூடாது, இரவுப் பணி கூடாது என்று நிபந்தனைகள் இருக்கும். ஆள் பற்றாக்குறையான ஒரு நாளில், "உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்க" என்று சாவியை நீட்டிவிடாதீர்கள். அவருடைய நோயாளிக்கான மார்ஃபினை நீங்கள் எடுத்து, நீங்களே போட்டு, மீதியை இன்னொருவர் முன்னால் கொட்டுங்கள்.